மை போடாத பிரதி

அந்தக் காலத்தில் ஊட்டியில் கணக்கு டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்த அநியாயத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடிதம், பத்திரம், எஸ்டேட் சர்க்குலர் எல்லாம் யாரும் அடித்துவிடலாம். கணக்கு அப்படி இல்லை. மெஷினில் ஆங்கில எழுத்துதான் உண்டு. கிரேக்க எழுத்தோ விசித்திரமான குறிகளோ கிடையாது. அவை வருகிற இடத்தில் எத்தனை எழுத்து அகலம் வேண்டும் என்று கண்ணாலேயே அளந்து, வெற்றிடம் விட்டுத் தாண்ட வேண்டும். பிறகு எழுதியவரே வந்து உட்கார்ந்து, மெல்லிய நிப்பில் கறுப்பு மை தொட்டு, அந்த இடங்களை நிரப்ப வேண்டும். கார்பன் வைத்து எத்தனை பிரதி எடுத்தாலும் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மை போட்டாக வேண்டும். யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது? அசலுக்கும் முதல் கார்பனுக்கும் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இரண்டாவது கார்பன் என் அலமாரியில் தூங்கும். தபாலில் தொலைந்தால் மறுபடி அடிக்க உதவும் என்று வைத்துக்கொள்வேன். அதில் ஆங்கில வார்த்தைகள் மட்டும் இருக்கும். கணக்கு இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் மூன்று மெஷினோடு இன்ஸ்டிட்யூட் நடத்தினேன். எமர்ஜென்சிக்கு முந்தைய வருடங்கள். நான் சொல்ல வந்தவள் ஊட்டியிலேயே ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்தாள். கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கராக இருந்தவரின் மகள். காந்தலில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். ஆனாலும் நான் 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை 'அக்கா' என்பாள்.

அவள் வேலை தற்காலிக வேலை. டாக்டர் பட்டம் வாங்கினால் நிரந்தரம் ஆகும். வாங்காவிட்டால் வருடா வருடம் ஜூன் மாதம் பிரின்சிபால் அறை வாசலில் போய், இந்த வருடமும் வைத்துக்கொள்வீர்களா என்று நிற்க வேண்டும். பட்டத்துக்குப் பதிவு செய்து வருடங்கள் ஓடிவிட்டன. நான் சொல்லப்போகிற வருடத்தின் டிசம்பரோடு கெடு முடிகிறது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த புரொபசருக்கும் நன்றாகத் தெரியும்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கெட்ட பழக்கம் என்றுதான் சொல்வேன், யாரும் என்னைத் திருத்த வேண்டாம். தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டால் அவளால் அதைக் கடந்து போக முடியாது. அது அவளுடைய தப்பாக இருந்தால் இன்னும் மோசம்.

ஒரு முறை வகுப்பில் போய், "போன டெர்ம்ல நான் நடத்துனதுல ஒரு ப்ரூஃப் தப்புங்க. நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை அடிச்சிருங்க" என்றிருக்கிறாள். அந்தப் பெண்கள் அதை வைத்துப் பரீட்சையே எழுதி முடித்துவிட்டார்கள். விஷயம் பிரின்சிபால் வரை போனது. "ஸ்டாஃப் தப்புன்னு ஸ்டாஃபே சொன்னா காலேஜ் மானம் என்னத்துக்கு ஆகும்?" என்று அந்த அம்மாள் கேட்டாராம். இவள், "தப்பு என்னோடதுங்க மேடம், காலேஜோடது இல்லீங்க" என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பிழைக்கத் தெரிந்தவள் இப்படிப் பேசுவாளா? அந்த ஜூனில் அவளை வாசலில் ஒரு நாள் கூடுதலாகவே நிற்க வைத்தார்கள்.

இன்னொன்று, அவளுடைய கேள்வி. "அங்க சரிங்க. அதச் சுத்தி?" எதற்கெடுத்தாலும் இதே கேள்விதான். ஒரு ஜூன் மழையில் என் மாடிக் கூரை ஒழுகியது. தகரம் அடிக்கிறவர் ஏறி, ஒவ்வோர் ஆணியாகத் தட்டித் தார் பூசிவிட்டு, "எல்லா ஆணியும் பாத்துட்டனுங்க" என்று இறங்கினார். மூலையில் உட்கார்ந்து மை போட்டுக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "ஆணி சரிங்கண்ணா. ஆணியச் சுத்தி?" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஏறினார். ஆணியைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் துருப்பிடித்து அரித்துப் போயிருந்தது. அவள் கேள்வியால் எனக்கு நன்மை கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

மற்ற தடவைகளில் வம்புதான். என் அக்கா மகளுக்குக் குன்னூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் நல்ல பையன், எஸ்டேட் ஆபீசில் நல்ல வேலை, கோயிலுக்குத் தவறாமல் போகிறவன். சந்தோஷமாக இவளிடம் சொன்னேன். "அவரு சரிங்கக்கா. அவரச் சுத்தி?" என்றாள். விசாரித்தால், அவன் சம்பளத்தை நம்பி வேலை வெட்டி இல்லாத அண்ணன்மார் மூன்று பேர் ஒரே வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். என் அக்கா இவளிடம் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னவளுக்கு அதுதான் மரியாதை.

இந்தக் கேள்வி அவளுக்கு அவளுடைய கணக்கிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது ஒரு பிப்ரவரி மாதம்.

அதற்கு முந்தைய நவம்பரில் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்தை நான்தான் அடித்துக் கொடுத்தேன். அதுதான் ஆய்வேட்டின் உயிர் என்பாள். அசலை ரிஜிஸ்டர் தபாலில் புரொபசருக்கு அனுப்பினாள். அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளென்மார்கனில் அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் நின்றபடியே அந்த அத்தியாயத்தில் ஓர் ஓட்டை இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ் சத்தத்தில் யோசிக்க முடியவில்லை என்று தலைகுந்தாவில் இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே வந்தாள். ஆறு மணி வாக்கில் என் வீட்டு வாசலில், உறைந்த கையை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பாயிண்ட்ல சரிங்க. சுத்தி இல்லீங்க" என்றாள்.

எனக்கு என்ன புரியும்? காபி கொடுத்து உட்காரவைத்தேன். மேசை மேல் ஒரு பெரிய ஃபுல்ஸ்கேப் தாளை விரித்தாள். நடுவில் ஒரு குண்டூசியைக் குத்தினாள். என் பழைய கார்பன் தாளைக் கேட்டு வாங்கி, துண்டு துண்டாக நறுக்கினாள்.

"ஒரு எடத்த முழுக்க மூடோணுமுங்க. கம்பளியோ துண்டோ, எதப் போட்டு வேணா மூடலாம், எத்தன வேணா போடலாம். யாரு எப்படி மூடிக் குடுத்தாலும், அந்தத் துணிகள நறுக்கிச் சின்னதாக்கி, மறுபடி முழுசா மூடோணும். ஆனா இந்தத் தடவ எந்த எடத்துல நின்னாலும், அதச் சுத்திக் கொஞ்சூண்டு எடமாச்சும் இருக்கோணும், அந்தக் கொஞ்சூண்டுல படற துணிகள எண்ணி முடிக்கோணும். அப்படி எப்பவும் முடியுமுன்னா அந்த எடத்துக்குப் பாராகாம்பேக்ட்னு பேருங்க. ஒரு வகை எடம் எல்லாமே அப்படித்தான்னு நான் நிரூபிச்சிருக்கறனுங்க. அதான் நாலாம் சேப்டர்."

"அப்பறம் என்னங்க மிஸ் தப்பு?"

கார்பன் துண்டுகளைக் குண்டூசியை நோக்கி வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. கடைசியில் கடுகு அளவில் வைத்துவிட்டு, "இது இப்படியே முடியாமப் போயிட்டே இருக்குதுன்னு வெச்சுக்கங்க" என்றாள். "எந்தத் துண்டும் ஊசியத் தொடல. ஊசி குத்துன எடத்துல நின்னு பாத்தா, கீழ பெரிய தாள் ஒண்ணே ஒண்ணுதான். எண்ணி முடிச்சாச்சு, சரி. ஆனா ஊசியச் சுத்தி ஒரு நூல் அகலத்துக்கு வட்டம் போடுங்க. அதுக்குள்ள எத்தன துண்டு?"

பார்த்தேன். எவ்வளவு சின்ன வட்டம் போட்டாலும் அதற்குள் முடிவில்லாத துண்டுகள் கிடந்தன.

"நான் ஊசியில மட்டும் நின்னு எண்ணிட்டு, சுத்தியும் எண்ணுனதா எழுதிட்டனுங்கக்கா."

அன்று அவள் வீட்டில் இருந்த மை போட்ட கார்பன் பிரதி குமுட்டி அடுப்புக்குப் போனது. தப்பான தாளை அவள் வீட்டில் வைத்திருக்க மாட்டாள். கிழித்து, கரிக்கு அடியில் வைத்து, அந்தச் சூட்டில் கை காய்ச்சிக்கொண்டு மறுபடி யோசிப்பாள். ஏப்ரல் கடைசியில் வழி கிடைத்துவிட்டது. ஒரே ஒரு பக்கம். அதிலும் ஒரே ஒரு வரிதான் முக்கியம், துணிகளை எப்படி நறுக்குவது என்று சொல்கிற வரி. அந்த வரி சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்றாள். மே மாதம் சீசனுக்குப் புரொபசர் ஊட்டிக்கு வருவார், நேரில் கொடுத்துவிடலாம் என்று அந்தப் பக்கத்தைக் கையெழுத்தில் வைத்திருந்தாள். அதற்கு நகல் எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை, அடித்துத் தரட்டுமா என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

மே மாதம் அவர் வந்தார். வந்ததும் அவளுக்கு ஆள் அனுப்பவில்லை. எனக்குத்தான் அனுப்பினார். அவர் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுசின் பியூன் ஒரு கட்டுக் கையெழுத்துத் தாளோடு என் மாடி ஏறி வந்து, "சாரு அர்ஜெண்டுன்னாருங்க. வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போகோணுமாமுங்க" என்றான். ஊரில் கணக்கு அடிக்கிறவள் நான் ஒருத்திதானே.

மெஷினில் தாளைச் சுற்றி அடிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்தில் என் விரல்கள் கண்ணுக்கு முன்னால் போயின. அடுத்த வார்த்தை என்ன, எங்கே ஆறு எழுத்து இடம் விட வேண்டும் எல்லாம் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. நிறுத்தினேன். அலமாரியைத் திறந்து நவம்பர் பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வாக்கியத்துக்கு வாக்கியம் அதே. மேலே பெயர் மட்டும் புரொபசர் பெயர். டைப் அடிக்கிறவளுக்குக் கண் இருக்கும், அலமாரி இருக்கும் என்றுகூட அந்த மனிதர் நினைக்கவில்லை. திருடுகிறதிலாவது ஒரு மரியாதை வேண்டாமா?

மெஷினை மூடிவிட்டு, அவர் அனுப்பிய தாள்களோடு கல்லூரிக்கு ஓடினேன். அவள் வராந்தாவில் நின்றபடியே தாள்களைப் புரட்டினாள். அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்தில் அவள் முகம் மாறியது.

"அக்கா, அந்தத் தப்பு அப்படியே இருக்குதுங்க."

"எந்தத் தப்பு?"

"பாயிண்ட்ல எண்ணிட்டுச் சுத்தி எண்ணுனதா எழுதியிருந்தனல்லங்க, அது. இவரு பாக்கவே இல்லீங்க. அப்படியே எழுதியிருக்கறாரு."

எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. "அப்ப விடுங்க மிஸ்" என்றேன். "அச்சாகட்டும். உலகத்துக்கு முன்னால அந்தாளு மூக்கு ஒடையட்டும். அதுக்கப்பறம் நீங்க சரியானத உங்க பேர்ல போடுங்க. பட்டம் உங்க கையில."

நான் சொன்னதில் என்ன தப்பு? கடவுளே வழி திறந்து கொடுத்தது போல் இருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியது போல் ஆகிவிட்டது.

"தப்புன்னு தெரிஞ்சும் எப்படிங்கக்கா விடறது? அச்சானா அத நம்பி இன்னொருத்தரு மேல கட்டுவாங்க. அதுக்கு மேல இன்னொருத்தரு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ஏப்ரலில் கண்டுபிடித்த அந்த ஒரு பக்கத்தைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு நேராகக் கெஸ்ட் ஹவுசுக்கு நடந்தாள். நானும் திட்டிக்கொண்டே கூடப் போனேன். புரொபசர் ஸ்வெட்டரும் மஃப்ளருமாகப் புல்வெளியில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் படியோரம் நின்றேன்.

"சார், இது என்னோட நாலாம் சேப்டருங்களே" என்றாள் முதலில். அதையாவது கேட்டாளே என்று எனக்கு ஓர் ஆறுதல்.

அவர் அசரவில்லை. "குருவும் சிஷ்யையும் சேர்ந்து பண்றதுல உன்னோடது என்னோடதுன்னு என்னம்மா இருக்கு? தீசிஸ்ல நீ தாராளமா போட்டுக்கோ. பேப்பரை நான் அனுப்பறேன். பேரு விஷயம் நான் பாத்துக்கறேன்."

"அதில்லீங்க சார். ஒன்பதாம் பக்கத்துல தப்புங்க." அந்தத் தாளை நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார். நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தார். காது நுனி சிவந்தது. தாளை நாலாக மடித்து ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லா பண்ணியிருக்கே. நான் சேத்து அனுப்பறேன், டைப்பாகி வந்ததும் சிம்பல் எல்லாம் நீயே போட்டுடு. எனக்குக் கை நடுங்குது, இந்தக் குளிர்ல."

"சரிங்க சார்" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் நான் பேசினேன். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பேரு பாத்துக்கறன்னு சொன்னாருல்லங்கக்கா." அந்த ஒரு வாக்கியத்தை அவள் நம்பினாள். எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கிறவள் மனுஷனை மட்டும் சுற்றிப் பார்க்கவில்லை.

மறுநாள் திருத்திய பக்கம் அவர் கையெழுத்தில் வந்தது. நான் அடிக்க மாட்டேன் என்றேன். "வேற ஆளு அடிச்சா எடம் சரியா விட மாட்டாங்க, சிம்பல் கொழம்பீரும்" என்று அவள் கெஞ்சினாள். அடித்தேன். இரண்டு நாள் என் மூலை மேசையில் உட்கார்ந்து, திருட்டுத் தாள் ஒவ்வொன்றிலும் அவளே மை போட்டாள். அவள் கை அவ்வளவு அழகு.

கட்டுரை நவம்பரில் அச்சாகி வந்தது. மேலே ஒரே பெயர். கடைசியில் பொடி எழுத்தில், கையெழுத்துப் பிரதியைத் தயாரிப்பதில் உதவிய மாணவிக்கு நன்றி என்று ஒரு வரி. பெயர்கூட இல்லை. மை போட்டதற்கு நன்றி! டிசம்பரில் அவள் ஆய்வேட்டைக் கொடுத்தாள். ஒரே மாதத்தில் பதில் வந்தது. முக்கியமான முடிவு ஏற்கெனவே வேறொருவரால் வெளியிடப்பட்டுவிட்டதால் இது சொந்த ஆய்வு அல்ல என்று எழுதியிருந்தார்கள். புரொபசருக்கு அவள் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுத வைத்தது நான். முதலில் மறுத்தாள். காந்தல் முழுக்கக் கேட்கும்படி நான் கத்திய பிறகு ஒத்துக்கொண்டாள். சாட்சி என்னிடம் இருந்தது. நாலாம் அத்தியாயத்தை முதன்முதலில் அடித்த அந்த நவம்பரின் கார்பன் பிரதியும், புரொபசரே கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டையும். ஆனால் பிரதியில் மை இல்லை. கணக்கு இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றிடம். அதை அப்படியே அனுப்பினால் சிரிப்பார்கள்.

"ஒக்காந்து மை போடுங்க. நவம்பர்ல போடாம விட்டத இப்பப் போட்டதுன்னு எழுதியே அனுப்பலாம்" என்றேன்.

காலையில் உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் ஒன்பதாம் பக்கம் வந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அந்த வரி முழுக்க வெற்றிடம், இருபத்திரண்டு எழுத்து அகலம். நான் விட்ட இடம்தான். சரியான வரியும் அதில் அளவாக உட்காரும்.

"மிஸ், நான் ஒண்ணு சொல்றனுங்க. இந்த ஒரு எடத்துல சரியானதப் போட்டுருங்க. நீங்க கண்டுபிடிச்சதுதான அது? களவாண்டதா? உங்குளுதுதான. நவம்பர்ல இல்லாட்டி ஏப்ரல்ல. யாருக்குத் தெரியப்போவுது?"

நிப்பை மைக்கூட்டில் தொட்டு எடுத்தாள். அந்த வெற்றிடத்தின் மேல் பேனா நின்றது. அவ்வளவு நேரம் அவள் தயங்கி நான் பார்த்ததில்லை. நிப்பு நுனியில் மை காய்ந்துபோய் மறுபடி தொட வேண்டியிருந்தது. அவளுக்கும் ஆசை இருந்தது, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு எழுதினாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியும், தப்பானது, சரியானது இரண்டு வரிகளும் எனக்கு அத்துப்படி. தப்பானதை எழுதினாள்.

"நவம்பர்ல இதுதானுங்கக்கா இருந்துச்சு."

நான் கீழே இறங்கிப் போய்த் தெருவில் நின்றுவிட்டேன். அங்கே இருந்தால் மைக்கூட்டை எடுத்து வீசியிருப்பேன்.

சாயங்காலம் கட்டை என்னிடம் கொடுத்து, தபாலில் போடச் சொல்லிவிட்டுப் போனாள். மாடியில் நான் மட்டும். டைப் அடிக்கிற இடத்தில் பிளேடு எப்போதும் இருக்கும், தப்பான எழுத்தைச் சுரண்ட. மையும் இருந்தது, அவள் நிப்பும் இருந்தது. சுரண்டி, சரியானதை எழுத எனக்குக் கால் மணி நேரம் போதும். அவள் கை மாதிரியே எழுதவும் எனக்கு வரும். பிளேடை எடுத்தேன். ஒன்பதாம் பக்கத்தை விளக்குக்குக் கீழே வைத்தேன். பிறகு பிளேடை வைத்துவிட்டு, கட்டைத் திரும்ப மூடி உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டேன். நேர்மை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என்றாவது ஒரு நாள் அவளுக்குத் தெரிந்தால் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போய் இந்த வரி நவம்பரில் இல்லை என்று அவளே சொல்லிவிட்டு வருவாள். அந்தப் பயம்தான்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பல்கலைக்கழகம் போட்ட விசாரணைக் குழு பிரதியையும் கட்டுரையையும் ஒப்பிட்டுப் பார்த்ததாம். மாணவியின் பிரதியில் ஒன்பதாம் பக்கத்தில் அடிப்படையான பிழை இருக்கிறதாம். வெளியான கட்டுரையில் அந்தப் பிழை இல்லையாம். ஆகவே இரண்டும் ஒரே ஆய்வு அல்ல, புகாருக்கு ஆதாரம் இல்லை, பதிவுக் காலமும் முடிந்துவிட்டது. சுற்றிலும் இருந்த இருபது பக்கமும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்ததைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. படித்த மனிதர்கள், ஒரு புள்ளியில் நின்று எண்ணிவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சிரித்தது போலத்தான் இருந்தது. "என் பேர்ல சாட்சி இருக்கறது அந்தத் தப்புக்கு மட்டும்தானுங்கக்கா" என்றாள். குமுட்டியில் கரி அணைந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கலங்கவில்லை என்று இப்போது கல்லூரியில் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் அன்று காந்தலுக்கு வரவில்லை.

பட்டம் கடைசிவரை வரவில்லை. நான் இன்ஸ்டிட்யூட்டை மூடுகிற வரைக்கும் ஜூன் மாதம்தோறும் அவள் பிரின்சிபால் அறை வாசலில் போய் நின்றுகொண்டிருந்தாள். புரொபசருக்கு அந்தக் கட்டுரையால் பெரிய பெயர். பிழையே இல்லாத கட்டுரை.

அந்தப் பதில் வந்த வருடமே, மழை தொடங்கியபோது ஒரு நாள் பத்துப் பக்கக் கையெழுத்தோடு மாடி ஏறி வந்தாள். "அதையே வேற வழியிலயும் நிரூபிக்கலாமுங்கக்கா. இது சின்னது. அவரு வழியவிட நல்லா இருக்குதுங்க."

'அவரு வழி' என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார்பன் வைத்து நாலு பிரதி அடித்தேன். அடித்த வேகத்தில் முற்றுப்புள்ளி விழுந்த இடமெல்லாம் தாளில் ஓட்டை. நாலையும் அவள் முன்னால் போட்டேன்.

"நாலுலயும் மை போட்டுட்டுத்தான் எந்திரிக்கோணும். ஒவ்வொண்ணுலயும் பேரும் தேதியும் எழுதோணும். இல்லாட்டி இந்தப் படியில கால் வெக்காதீங்க."

"சரிங்கக்கா" என்றாள். அன்றும் மறுநாளும் தகரக் கூரையில் மழை கொட்ட உட்கார்ந்து போட்டாள். மூன்று முடிந்தது. நாலாவதில் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது பேனா நின்றது.

"என்னங்க மிஸ்?"

"ஒண்ணுமில்லீங்க. இந்த ஒரு குறிய மாத்திப் போட்டுட்டனுங்க. மூணுலயும் இப்படித்தான் இருக்கும்." தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினாள். "ஏனுங்கக்கா, பிளேடு இருக்குதுங்களா?"

மேசை டிராயரைத் திறந்தேன். பழைய பிளேடு ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்து அவள் கையில் வைத்தேன்.